இடம் மாறாத புள்ளி

— அழறதை நிறுத்து, தங்கச்சி. வக்கீல் கேட்ட விளக்கத்தை எழுதி முடிச்சுட்டேன். இதை நாளைக்கு விசாரணையில கொடுத்தா மாப்பிள்ளை வீட்டுக்கு வந்துடுவார்.

— இருபது வருஷமா கப்பல் ரேடாரைப் பிரிச்சு மாட்டற உனக்குப் புரியும். எனக்குப் புரியலையேண்ணே. பனிமூட்டத்துல வழி தெரியத்தானே அந்த மிஷினு? அன்னிக்கு ராத்திரி கப்பலை ஓட்டினவர் அவர்தானே, மீன்படகு திரையில தெரிஞ்சும் எப்படி மோதினார்?

— தெரிஞ்சுது. கூடவே இல்லாத படகும் தெரிஞ்சுது. அதான் விஷயம். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. ஒயர்ல காலை வைக்காதே.

— நின்னுக்கிட்டே கேக்கறேன், சொல்லு.

— ரேடார் என்ன பண்ணுது? கை தட்டுது, எதிரொலிக்குக் காத்திருக்குது. சீக்கிரம் வந்தா பொருள் பக்கத்துல, லேட்டா வந்தா தூரத்துல. அதுக்குத் தகுந்த இடத்துல திரையில ஒரு புள்ளி. ரொம்ப தூரம் போனது சாதாரண நாள்ல திரும்பாது. வானத்தோட போயிடும்.

— அன்னிக்கு?

— கரையிலேருந்து அனல் காத்து, கீழே கடல் ஜில்லுனு. சூட்டுக்காத்து மூடி போட்ட மாதிரி மேலே படுத்துக்கிச்சு. ரேடார் அனுப்பின அலை மேலே போக முடியாம தண்ணியை ஒட்டியே ஓடுது, குழாய்க்குள்ள ஓடற மாதிரி. நூறு மைல் தள்ளி இருக்கற மலையில முட்டிட்டுத் திரும்பி வருது.

— வந்தா என்ன?

— அது வர்றதுக்குள்ள ரேடார் அடுத்த தட்டு தட்டிடுச்சே! பழைய தட்டோட எதிரொலியைப் புதுசோடதுன்னு நினைச்சுக்கும். எங்கேயோ இருக்கற மலை, மூணு மைல்ல படகா வந்து நிக்கும். அன்னிக்கு அஞ்சு புள்ளி. எது மலை, எது மரப்படகுன்னு எந்தக் கொம்பனாலயும் சொல்ல முடியாது.

— அப்ப படகுல இருந்த அந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரும் செத்தது...

— காத்து பண்ணின கொலை. அப்படித்தான் எழுதியிருக்கேன்.

— நிஜமாவே கண்டுபிடிக்க வழியே இல்லையாண்ணே?

— ஒண்ணு இருக்கு. அதை எழுதல. தூரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் உண்டு. திருப்பினா தட்டற தாளம் மாறும். உடனே பொய்ப் புள்ளியெல்லாம் வேற இடத்துக்குத் தாவும், இல்ல காணாமப் போகும். நிஜப் படகு மட்டும் அதே தூரத்துல குத்துக்கல்லாட்டம் நிக்கும். பத்து செகண்டு வேலை, ஆனா எவன் பண்றான்? ஏய், ஏன் முகம் வெளிறிப்போச்சு?

— நின்னா நிஜமா?

— சத்தியமா நிஜம். ஏன்?

— அவர் திருப்பினாராம். நாலு போச்சாம். ஒண்ணு நின்னுச்சாம்.

— யார் சொன்னது?

— அவரேதான். பாக்கப் போனப்ப கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு சொன்னார்.

— அப்ப கேப்டனை எழுப்பித் தொலைக்க வேண்டியதுதானே!

— போன வாரம் ஒரு பொய்ப் புள்ளிக்காக எழுப்பிட்டாராம். 'உனக்கு ரேடார் எதுக்கு, மூக்குக்கண்ணாடி வாங்கு'ன்னாராம் கேப்டன். சாப்பாட்டு மேசையில ஒரு வாரமா அதே சிரிப்பாம். அப்புறம்தான் அந்தக் குமிழ் வித்தையைக் கத்துக்கிட்டாராம். அப்பவும், மறுபடி சிரிப்பாங்களோன்னு கை போனுக்குப் போகலையாம். இதுவும் போயிடும், போயிடும்னு பாத்துக்கிட்டே இருந்தாராம்.

— எவ்வளவு நேரம்?

— ஏழு நிமிஷம்.

— அடப்பாவி... சரி. கேளு. நீ சொல்லல, எனக்குக் காது கேக்கல. அது அரதப் பழசு ரேடார், எதையும் பதிஞ்சு வைக்காது. குமிழைத் திருப்பினது அவருக்கும் நமக்கும்தான் தெரியும். நீ வாயைத் தொறக்காம இருந்தாலே போதும், நாளைக்கு அவர் உன்கூட வந்துடுவார்.

— அண்ணே... காலையில விசாரணை அதிகாரி என்னைக் கூப்பிட்டிருந்தார். 'உங்க வீட்டுக்காரர் கவனமில்லாதவராமே'ன்னார். எனக்குப் பொறுக்கல. 'அஞ்சு புள்ளியையும் சோதிச்சுப் பாத்தவருங்க அவர், நாலு போச்சு, ஒண்ணு நின்னுச்சு'ன்னு பெருமையா சொன்னேன். ரெண்டு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கிட்டு, குடிக்கத் தண்ணி கொடுத்து, கையெழுத்தும் வாங்கிக்கிட்டார்.