நொச்சித் தண்ணீரில் கல்லுப்பு

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பேருந்தில், முன் இருக்கையில் ஓர் அம்மாவும் ஆராய்ச்சி படிக்கும் மகளும் இருந்தார்கள். ஜன்னலில் சாரல் அடித்தது.

“ஏட்டி, எலிக்கு முட்டு வீங்குமா?”

“நாங்கதான் வீங்க வைப்போம். பிறகு மருந்து கொடுத்து வத்துதான்னு பாப்போம்.”

“பாவம்லா.”

“மருந்தே இன்னும் வரலம்மா. வேற கெமிக்கல் இல்லாம, சில்வர் நைட்ரேட்ல நொச்சித் தண்ணிய ஊத்துனாலே பொடிப்பொடியா வெள்ளித் துகள் உண்டாகி, டீ நிறத்துக்கு வரணும். அதான் நானோ. எனக்குத் திரிஞ்ச பால் மாதிரி வெள்ளையா நிக்குது. நொச்சிய விட்டுட்டு வேற இலை பாருன்னு சார் சொல்லுதாவ.”

“நான் அவிச்சுத் தந்த தண்ணியா? நல்லாத்தான அவிச்சேன்.”

“வெறும் இலைதான போட்ட?”

“வெறும் இலைய எவ அவிப்பா? வீக்கத்துக்குன்னா ஒரு கை கல்லுப்பு போடாண்டாமா?”

மகள் அம்மாவையே பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள்.

“உப்பு பட்டா வெள்ளி அப்படித்தாம்மா திரியும். அப்ப நொச்சி மேல குத்தமில்ல.”

“எம்மேலயா?”

“ஒம்மேலயும் இல்ல. நாளைக்கு உப்பில்லாம அவிச்சுத் தா. நொச்சிய நான் விடப்போறதில்ல.”

அம்மா சேலைத் தலைப்பால் முகத்துச் சாரலைத் துடைத்துக்கொண்டாள்.

“தாரேன். உப்பில்லாம வீக்கம் எப்படி வத்தும்? அந்த எலிதான் பாவம்.”