அம்மா காது

"கழட்டி வச்சுட்டேன்னு எத்தனை தடவைடா சொல்றது?"

"கழட்டின மெஷின் டப்பாவுல இருக்கணுமேக்கா, எங்கே? புதைக்கிறப்போ அம்மா காதுல இருந்துச்சே, நான் பார்த்தேனே..."

"அப்போ நீ சிரிச்சது மட்டும் கேட்டிருக்காதா? பெரிய யோக்கியன்!"

கிட்டே வந்து உட்காருங்கள். விளக்கு எரியட்டும். சண்டை போட்டது என் சிநேகிதியின் நாத்தனாரும் அவள் தம்பியும். மாலை ஏழு மணி. அம்மாவைப் புதைத்துப் பதினோரு நாள்... கல்லறை நாலு மைல் தள்ளி, ஆள் நடமாட்டமே இல்லாத சாலையில்.

விஷயம் இதுதான். காது மெஷின் இல்லாவிட்டால் அம்மாவுக்கு ஒன்றும் கேட்காது. கடைசி நாள், கட்டிலை ஒட்டி நின்றுகொண்டே, "இது செத்துத் தொலைஞ்சாத்தான் எனக்கு விடிவு" என்றாள் மகள். மகன் சிரித்தான். மெஷினைக் கழற்றியாயிற்று என்ற தைரியம்.

தம்பி கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிறவன். அம்மா பாட்டுக் கேட்க, மெஷினைத் தன் லேப்டாப்போடு கம்பியில்லாமல் ப்ளூடூத்தில் சேர்த்து, 'அம்மா காது' என்று பெயரும் வைத்திருந்தான். மெஷின் பக்கத்தில் வந்தால் லேப்டாப் தானாகக் கண்டுகொள்ளும். விலகினால் விட்டுவிடும்.

"கடைசியா எப்போ சேர்ந்துச்சுன்னு இதுலயே இருக்கும். இப்போ தெரியும் உன் வண்டவாளம்" என்று திறந்தான்.

டிங்...

'அம்மா காது. இணைந்துள்ளது.'

"பழசைக் காட்டுதுடா."

"இல்லக்கா... முப்பது அடிக்குள்ள இருந்தாத்தான் இப்படிக் காட்டும்."

அறையில் காதுச் சொட்டு மருந்தின் வாசனை. அந்தப் புட்டியை என்றைக்கோ தூக்கி எறிந்துவிட்டார்கள்.

தம்பி பட்டியலிலிருந்தே அதை நீக்கினான். பெயர் மறைந்தது.

"அவ்வளவுதான். இனிமே தானா சேராது. மெஷின்ல ஒரு சின்னப் பொத்தான் இருக்கு. அதை யாராவது அஞ்சு நொடி அழுத்திப் பிடிச்சாத்தான்..."

சொல்லி முடிக்கவில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் டக்... டக்... டக்... டக்... டக்.

டிங்.

'புதிய சாதனம் அருகில் உள்ளது. இணைக்கவா?'

தம்பி செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடிவிட்டான். அவள் ஓடவில்லை. 'சரி' என்ற இடத்தை அழுத்தினாள். லேப்டாப் பக்கம் குனிந்தாள்.

"அம்மா... அன்னைக்கு நான் சொன்னது கேட்டுச்சா?"