பாஸான காது

வாணி: பாரத்துல காது கொஞ்சம் மந்தம்னு எழுதணுமா? கொஞ்சமாங்க?

சௌந்தரராஜன்: ஆமா, கொஞ்சம்தான். அப்டியே எழுது.

வாணி: எழுதிட்டேன் சாமி. போன வருசமும் இப்டித்தான் எழுதினோம். அந்த டாக்டரு நார்மல்னு சீல் குத்தி அனுப்பினாரு. ஹேண்டிகேப் கார்டும் இல்ல, காது மெஷினும் இல்ல...

சௌந்தரராஜன்: இன்னா சொன்ன? பாரத்தப் பாத்துக்கினே பேசாத. மூஞ்ச தூக்கு.

வாணி: மூஞ்ச தூக்கினாதான் கேக்குமா? இதோ, இதுலயே கேட்டுக்கீது. பின்னாலேருந்து கூப்ட்டா தெரியுமா?

சௌந்தரராஜன்: ஓ, தெரியுமே.

வாணி: காலைல பின்னால நின்னு மூணு தரம் கத்தினேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சிச்சு.

சௌந்தரராஜன்: அது... ஏதோ யோசனையா இருந்தேன்.

வாணி: அடுத்தது. போன்ல பேச முடியுமா?

சௌந்தரராஜன்: முடியும்.

வாணி: முடியுமா! நம்ம பொண்ணு ஷில்பா பெங்களூர்லேருந்து போன் பண்ணா, 'டவர் இல்லம்மா, அம்மாகிட்ட பேசு'ன்னு என் கையில திணிச்சிட்டு ஓடறீங்க. இந்த ஊரிகம் ஊர் முழுக்க ஒங்க ஒருத்தருக்குத்தான் டவர் இல்ல.

சௌந்தரராஜன்: கிண்டலு...

வாணி: எல்லாம் அந்த டாக்டரு பண்ண வேல. ஒழுங்கா டெஸ்ட் பண்ணியிருந்தா இந்நேரம் மெஷின் மாட்டியிருப்பீங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனதும் நாலு கேள்வி கேக்கறேன் பாருங்க.

சௌந்தரராஜன்: ஏ, வேணாம். அவர ஏன் திட்ற?

வாணி: ஏன் வேணாம்? பக்கத்துல பட்டாசு வெடிச்சாலும் திரும்பாத ஆள நார்மல்னா...

சௌந்தரராஜன்: அவர் மேல தப்பில்ல வாணி.

வாணி: பின்ன?

சௌந்தரராஜன்: நான் பாஸ் பண்ணிட்டேன்.

வாணி: பாஸா?

சௌந்தரராஜன்: கண்ணாடி ரூம்புல உக்கார வெச்சு காதுல ஹெட்போன் மாட்டிவுட்டாங்க. சத்தம் கேட்டா கை தூக்கணும். அந்தப் பொண்ணு கண்ணாடிக்கு அந்தாண்ட உக்காந்துக்கினு பட்டன் அமுக்குது. அது வெரலு பட்டன் மேல போவும்போதெல்லாம்... நான் கைய தூக்கிட்டேன்.

வாணி: அடக் கடவுளே! ஏங்க?

சௌந்தரராஜன்: பழக்கம். தங்க மைன்ஸ்ல வருசா வருசம் மெடிக்கல் வரும். காது போச்சுன்னு தெரிஞ்சா கேஜ்ல ஏத்தி சுரங்கத்துக்குள்ள எறக்க மாட்டான், கூலி கம்மியான மேல் வேலைக்குத் தள்ளிடுவான். டிரில்லு புடிச்ச எங்கள்ல எவனுக்குக் காது நல்லா இருந்துச்சு? கூட வேல செஞ்ச மரியகுழந்தை அண்ணன்தான் சொல்லிக் குடுத்தாரு, டாக்டர் கையப் பாரு, வாயப் பாருன்னு. ஒரு தரம்கூட நான் ஃபெயில் ஆனதில்ல, தெரியுமா?

வாணி: மைன்ஸ் மூடி இருவது வருசத்துக்கு மேல ஆச்சு! நாம அங்க போனதே ஃபெயில் ஆவறதுக்குத்தான்!

சௌந்தரராஜன்: தெரியும்... அந்த சேர்ல உக்காந்ததும் கை தானா எழும்புது. வெளிய வரும்போது சந்தோசமாகூட இருந்துச்சு. பஸ் ஏறினப்புறம்தான் ஒறச்சிது.

வாணி: ஒரு வருசமா ஒரு பாவமும் அறியாத மனுசன திட்டிக்கினு கீறேன்...

சௌந்தரராஜன்: நீ சிரிக்கிற.

வாணி: சிரிக்கல. கண்ண மூடுங்க.

சௌந்தரராஜன்: எதுக்கு?

வாணி: நாளைக்கு டெஸ்ட்டுக்குக் கண்ண மூடிக்கினுதான் உக்காரணும். இப்பவே பழகுங்க. நான் பேசுவேன். கேட்டா கை தூக்குங்க. தொறக்கக் கூடாது!

சௌந்தரராஜன்: ம்... மூடிட்டேன்.

வாணி: ஷில்பா முழுகாம கீறா. மூணு மாசம்.

சௌந்தரராஜன்: ...

வாணி: நாலு நாளா மென்னு முழுங்கிக்கினு கீறேன். 'அப்பாகிட்ட நீ சொல்லாதம்மா. மெஷின் வந்ததும் நானே போன்ல சொல்லணும், என் கொரல்ல அவரு கேக்கணும்'னு அழுவுறா ஒங்க பொண்ணு.

சௌந்தரராஜன்: ...

வாணி: தாத்தா ஆவப் போறீங்க. கேக்குதா?

சௌந்தரராஜன்: வாணி... இன்னும் ஆரம்பிக்கலயா? ...இன்னாத்துக்குக் கையப் புடிக்கிற? தொறக்கட்டா? ...ஏ, ஏன் கண்ணு கலங்கிக் கீது? இன்னா சொன்ன?

வாணி: ஒங்க பொண்ணு ஒரு சேதி வெச்சிக்கினு கீறா. மெஷின் மாட்டிக்கினு அவ வாயாலயே கேளுங்க. நான் சொல்ல மாட்டேன்.

சௌந்தரராஜன்: நல்ல சேதியா?

வாணி: நாளைக்கு ஃபெயிலாகிக் காட்டுங்க, தெரியும்.

சௌந்தரராஜன்: ...அந்த 'கொஞ்சம்'ன்றத அடிச்சிடு வாணி. ரெண்டு காதும் கேக்காதுன்னு எழுது. ஷில்பா போன்ல பேசினது ஒரு வார்த்தகூட இத்தினி வருசத்துல எனக்குக் கேட்டதில்ல... அதையும் எழுது.