இருநூற்றுப் பதினான்காம் பக்கம்

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் அவர்களே, நூலக ஊழியர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் நூலகர் அக்காவின் கணவர் அவர்களே, அவர் மகளே, நாற்காலி போதாமல் அலமாரிகளில் சாய்ந்து நிற்கும் மாணவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். நம் நூலகர் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றினார் என்று வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். இன்று காலை பணிப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். முப்பத்து மூன்று ஆண்டுகள், ஏழு மாதங்கள். ஐந்து மாதத்தைக் கூட்டிக் கொடுத்தா அவரைப் பெருமைப்படுத்துவது? கேட்டால் எழுந்து வந்து நம்மைப் பிடிபிடியென்று பிடித்துவிடுவார்!

சிரியுங்கள். அவர் இருந்த அறையில் சிரிப்புக்குத் தடை இருந்ததில்லை. ஆதாரம் இல்லாமல் பேசுவதற்குத்தான் தடை.

பக்க எண் அக்கா. அப்படித்தான் நாம் அவரை அழைத்தோம். அதோ, அந்த ஜன்னலோர மேசைதான் அவருடைய இடம். ஆய்வுக் கட்டுரையைச் சமர்ப்பிக்கும் முன் மாணவர்கள் அங்கே வரிசையில் நிற்பார்கள். கட்டுரையின் கடைசியில் இருக்கும் நூற்பட்டியலை நீட்டினால் வாங்கமாட்டார். பட்டியலில் உள்ள ஒவ்வொரு புத்தகத்தையும் சுமந்து வந்து, மேற்கோள் எடுத்த பக்கத்தைத் திறந்து வைக்க வேண்டும். வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பென்சிலால் ஒரு டிக் போடுவார். இன்னொருவர் புத்தகத்தில் இருந்த மேற்கோளை அப்படியே இறக்கிக்கொண்டு வந்த கெட்டிக்காரர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரே பதில்தான். "நீங்க பார்த்த புத்தகத்தை எழுதுங்க. பார்த்தவர் பார்த்ததை எழுதாதீங்க."

அப்படிப்பட்டவர் தவறே செய்யவில்லையா? செய்தார். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அவர் இருந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், இறுதியாண்டு மாணவி ஒருவர் இந்த நகரத்துக் குடிநீர் வரலாறு பற்றிக் கட்டுரை எழுதினார். ஓட்டுநர் ஒருவரின் மகள். அவர் இப்போது இந்த அறையில்தான் இருக்கிறார். எந்த நாற்காலியில் என்று பிறகு சொல்கிறேன். ஒரு பொறியாளர் எழுதிய பழைய நூலிலிருந்து, இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தை அவர் மேற்கோள் காட்டியிருந்தார். கட்டுரையின் முடிவே அந்தப் பக்கத்தின் மேல்தான் நின்றது.

கட்டுரையைத் திருத்தியவர் இதோ, நம் வரலாற்றுப் பேராசிரியர். அவரிடமும் அந்த நூல் இருந்தது. ஆனால் அது நூற்றுத் தொண்ணூறு பக்கத்தோடு முடிந்துவிட்டது. இல்லாத பக்கத்திலிருந்து மேற்கோளா? இட்டுக்கட்டியது என்று எழுதிவிட்டார். சனிக்கிழமை குழு கூடும், கட்டுரை தள்ளுபடியாகும். அந்தப் பெண்ணுக்கு ஒரு வருடம் போகும். மேற்படிப்புக்குக் கிடைத்த இடமும் போகும்.

வியாழக்கிழமை விஷயம் அக்காவின் காதுக்கு எட்டியது. நடந்தது அவருக்கு உடனே புரிந்தது. மாணவி பார்த்தது முதல் பதிப்பு. பேராசிரியரிடம் இருந்தது சுருக்கி அச்சிட்ட இரண்டாம் பதிப்பு. பட்டியலில் ஆசிரியர் பெயர் இருந்தது, நூலின் பெயர் இருந்தது, பக்கம் இருந்தது. பதிப்பும் ஆண்டும் இல்லை. பக்கத்தைத் திறந்து பார்த்து டிக் போட்ட அக்கா, எந்தப் பதிப்பு என்று கேட்கவில்லை.

சரி, முதல் பதிப்பை எடுத்துக் காட்டிவிட்டால் தீர்ந்தது அல்லவா? அதுதான் இல்லை. அந்த டிக்குக்குப் பிறகு புதிய பதிப்பு நூலகத்துக்கு வந்ததும் பழையதைக் கழித்து, வேண்டியவர் எடுத்துப்போக வாசலில் வைத்திருந்த அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டார்கள். போட்டது யார்? அக்காவேதான்.

பேராசிரியரிடம் போய், அந்தப் பக்கத்தை என் கண்ணால் பார்த்தேன் என்றார். பேராசிரியர் சொன்ன பதிலை அக்கா பிறகு என்னிடம் சொன்னார், அப்படியே நினைவிருக்கிறது. "உங்க கண்ணை நான் நம்பறேன் அம்மா. ஆனா கண்ணை மேற்கோள் காட்டக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்ததே நீங்கதானே?"

கோபித்துக்கொண்டாரா? இல்லை. அவர் சொல்றது சரிதான் என்று திரும்பி வந்து, ஒன்பது நூலகங்களுக்குத் தொலைபேசி போட்டார். எங்கும் இல்லை. வெள்ளிக்கிழமை நண்பகலில் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு அழைத்தார். பழைய புத்தகம் ஒன்று தேவை, நாளைக் காலைப் பதிப்பில் அறிவிப்புப் போட முடியுமா என்று கேட்டார். நூலின் பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றது.

அந்தப் பெட்டியிலிருந்து அதை எடுத்துப் போனவன் நான்தான்.

வீட்டுக்கு ஓடினேன். என் மனைவியின் தையல் மெஷினுக்கு ஒரு கால் குட்டை. அதன் அடியில் இருந்தது குடிநீர் வரலாறு. "அதை எடுத்தா மெஷின் ஆடும்," என்றார் மனைவி. ஆடட்டும், இல்லையென்றால் ஒரு பெண்ணின் வாழ்க்கை ஆடும் என்று உருவிக்கொண்டு வந்தேன்.

அக்கா நன்றி சொல்வார் என்று நினைத்தேன். இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தைத் திறந்தார், படித்தார், மூச்சு விட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மூணு வாரம் முன்னாடி உங்க ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையில, 'ஒரு பழைய நூல் கூறுகிறது'ன்னு எழுதியிருந்தீங்களே. அது இதுதானா?"

ஆமாம் என்றேன்.

"அந்த நூலுக்குப் பெத்தவங்க வெச்ச பேர் எதுவும் இல்லையா, நிருபரே? பேரை எழுதியிருந்தா நேத்தே உங்க வீட்டுக் கதவைத் தட்டியிருப்பேனே."

நண்பர்களே, அதுவரை எனக்கு இருபது ஆண்டு அனுபவம். செய்தியை யாரிடம் கேட்டேன், எப்போது கேட்டேன் என்பதில் கறாரான ஆள் என்று பெயர். அச்சில் வந்த ஒன்றுக்கு மட்டும் 'ஒரு பழைய நூல்' போதும் என்று இருந்திருக்கிறேன். மேற்கோளுக்கு விவரம் எழுதுவது படித்தவன் என்று காட்டிக்கொள்வதற்கா? அடுத்து வருபவர் கண்டுபிடிப்பதற்கு. அன்று அப்படித் தேடி வந்தவர் அக்கா. வழியை அடைத்து வைத்தவன் நான்.

சனிக்கிழமை குழுவின் முன் அக்கா ஒரு தாளை வாசித்தார். பதிப்பைக் கேட்காதது என் பிழை, சான்று நூலைக் கழித்ததும் என் பிழை, மாணவியின் விடுபாடு என் மேசையில் திருத்தப்பட்டிருக்க வேண்டியது என்று. பேராசிரியர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். இட்டுக்கட்டியது என்று தான் எழுதியதைத் தன் கையாலேயே அடித்தார். பதிப்பும் ஆண்டும் சேர்த்துக் கொடுத்தால் தேர்ச்சி என்றார். பிறகு, புத்தகத்தை இரண்டு நாள் இரவல் தருவீர்களா என்று மெல்லக் கேட்டார். "நிருபர் வீட்டு மெஷினைத்தான் கேக்கணும் சார்," என்றார் அக்கா.

திங்கட்கிழமை அந்தப் பெண் மறுபடி வரிசையில் நின்றார். நாற்பத்து மூன்று நூல்களையும் சுமந்து வந்து, ஒவ்வொன்றுக்கும் பதிப்பும் ஆண்டும் சேர்த்தார். ஒன்றுக்குக்கூட அக்கா சலுகை தரவில்லை. அன்றிலிருந்து அவர் கேள்வி இரண்டானது. எந்தப் பக்கம்? எந்தப் பதிப்பு?

அந்த நூலை அக்கா எனக்கே திருப்பித் தந்திருந்தார். இன்று அதை அவர் படத்தின் அருகே வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் அலமாரிக்குப் போகும். மெஷினுக்கு மரக்கட்டை வைத்தாயிற்று. அந்த ஜன்னலோர மேசை காலியாக இருக்காது என்று நூலக ஊழியர்கள் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். என் பங்குக்கு, பெயரில்லாத நூல் எதுவும் இனியும் என் எழுத்தில் வராது என்று இந்த அவையில் உறுதி சொல்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன் மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். கணவரும் அருகில் இருந்தார், கேட்டுக்கொள்ளலாம். உங்களைப் பற்றி ஒருநாள் எழுதுவேன் அக்கா என்றேன். "எழுதுங்க. சும்மா நல்லவங்கன்னு மட்டும் எழுதிடாதீங்க. எதை வெச்சு சொல்றீங்கன்னு சேர்த்து எழுதுங்க," என்றார்.

எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன் அக்கா.

எங்கள் நூலகர் நல்லவர். ஆதாரம்: இந்த வாசிப்பறை, மூன்றாவது வரிசை, இடமிருந்து இரண்டாவது நாற்காலி. யார் வேண்டுமானாலும் போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம்.