பல்லு டொக்டருக்கு எந்தக் கார்

— கார் முன்னுக்கே நிக்கிது, மிஸ். வெள்ளவெளேரென்டு கண்ணாடிக்குள்ளால ரோட்டுக்கே தெரியுது. அத எப்பிடி வித்துப்போச்சி என்டு செல்லச் செல்றீங்க?

— பின்னுக்குக் கொண்டுபோய் விடுங்கோ, புஹாரி நானா. ஒரு தறப்பாளைப் போட்டு மூடிவிடுங்கோ. இண்டைக்கு ஒரு நாளைக்குத்தானே. என்ர மனுசன் கிளினிக் முடிஞ்சு நேர இஞ்சதான் வருவார். வந்து கேட்டா, வெள்ளைக் கியர்க் கார் வித்துப்போச்சு, சிவப்புத்தான் மிச்சம் எண்டு சொல்லுங்கோ. சிவப்பை எடுத்தாரெண்டா எனக்குக் காணும்.

— பண்டாரவளையில இந்த யாவாரம் தொடங்கின நாள்ல இருந்து, இருக்கிற வாகனத்த இல்ல என்டு நான் சென்னதில்ல. இல்லாத வாகனத்த இரிக்கி என்டு சென்னது வேற கதை. இரிங்க, கேசினி மிஸ், தேத்தண்ணி வருது. எங்கட மகள் மர்லியாவுக்கு வீட்டில வச்சி இங்கிலீஷ் படிச்சிக் குடுத்த ஆள் நீங்க. அதால கேக்கிறேன். என்னத்துக்கு இந்தப் பொய்?

— கேள்வி கேளாமல் செய்ய மாட்டியளோ?

— டொக்டருக்குச் செல்ற பொய். நாளைக்கு எனக்குப் பல்லு வலிச்சா நான் எங்க போற?

— பகிடி விடாதையுங்கோ, நானா. பள்ளிக்கூடத்தில அரைநாள் லீவு போட்டுப்போட்டு, பஸ் பிடிச்சு, இவர் வாறதுக்கு முன்னம் வந்து சேரவேணுமெண்டு ஓடி வந்திருக்கிறன். முதல்ல எனக்கு ஒண்டைச் சொல்லுங்கோ. அந்தச் சிவப்பில கிளட்ச் மிதிக்கத் தேவையே இல்லையோ?

— மிதிக்க அதுல பெடலே இல்ல. ரெண்டும் ஒரே கொம்பனி, ஒரே சாதி. கொழும்பில அண்ணன் தம்பி ரெண்டு பேர் ஆளுக்கொண்டா ஓடினது. நாட்ட விட்டுப் போகக்குள்ள ரெண்டையும் என்ட தலையில கட்டிட்டுப் போயிட்டாங்க. வெள்ளையில எங்கட கால்தான் கிளட்ச், எங்கட கைதான் கியர். சிவப்பில உள்ளுக்கு ரெண்டு கிளட்ச் இரிக்கி. ஒத்தப்பட கியருக்கு ஒண்டு, ரெட்டப்பட கியருக்கு ஒண்டு. ரெண்டாவதில போகக்குள்ளயே மூணாவது ரெடியா நிக்கும். எல்லாத்தையும் காரே பாத்துக்கும். ஒரு குறை, பழுதாப் போனா ஊவா மாகாணத்திலயே அதுல கை வைக்க ஆளில்ல, லொறியில ஏத்திக் கொழும்புக்குத்தான் அனுப்பணும். டொக்டருக்கு இதெல்லாம் மனப்பாடம். கியர் இல்லாத ஸ்போர்ட்ஸ் கார் சீனி போடாத தேத்தண்ணி என்டு நீங்க இருக்கிற கதிரையில இருந்துதான் சென்னார்.

— அது ஊருக்குச் சொல்லுற கதை. வீட்டிலயும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரியிறார்.

— அப்ப உள்ளுக்கு வேறயா?

— கதவைச் சாத்திவிடுங்கோ, நானா. இதை நான் என்ர அம்மாவுக்குக்கூடச் சொல்லேல்லை.

— சாத்திட்டேன். செல்லுங்க.

— பஸ்ஸில குண்டு வெடிச்ச கிழமை ஞாபகம் இருக்கோ?

— மறக்க ஏலுமா. கடயத் திறக்கவே பயந்து கிடந்த கிழமை.

— அதுக்குப் பிறகுதான் பாலத்தடிச் சோதனைச் சென்றியில நிண்ட பழைய ஆமிக்காரரை மாத்திப்போட்டு, புதுப் பெடியளைக் கொண்டுவந்து விட்டவங்கள். பழைய ஆக்களெண்டா எங்களுக்குப் பயமில்லை. பாதிப்பேருக்கு இவர்தான் பல்லுப் பிடுங்கினவர். எங்கட காரைக் கண்டாக் கன்னத்தைத் தடவிக்கொண்டு, போங்கோ எண்டு கையைக் காட்டுவாங்கள். காலமை பதுளைக்குப் போகேக்க ஒருக்கா, பின்னேரம் திரும்பேக்க ஒருக்கா. என்னைப் பள்ளிக்கூடத்தில இறக்கிப்போட்டு இவர் ஆஸ்பத்திரிக்குப் போவார், பின்னேரம் வந்து ஏத்துவார். இவ்வளவு காலமும் அப்பிடித்தான் போய்வந்தனாங்கள்.

— தெரியும். நானும் அந்த வழிதானே.

— புதுப் பெடியள் வந்தபிறகு ஒருநாள், நல்ல மழை. சென்றி இருக்கிற இடம் ஏத்தம் எண்டு தெரியும்தானே. இவர் முதலாம் கியரில போட்டு, ஒரு கால் பிரேக்கில, ஒரு கால் கிளட்சில வச்சுக்கொண்டு நிக்கிறார். மீசைகூட ஒழுங்கா முளைக்காத ஒரு பெடியன் வந்து அடையாள அட்டையைக் கேட்டான். பிறந்த இடம் யாழ்ப்பாணம் எண்டதை வாசிச்சான். இவற்ற முகத்தைப் பார்த்தான். பிறகும் அதையே வாசிச்சான். எங்க போறாய், ஏன் போறாய், பக்கத்தில ஆர், கார் ஆருக்குச் சொந்தம் எண்டு ஒண்டொண்டாக் கேட்டான். இவருக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு, தெரியுமோ. அண்டைக்கு நா எழும்பேல்லை. நானொரு டொக்டர் எண்ட ஒரு சொல்லுக்கூட வாயில வரேல்லை. அவன் நம்பர் பிளேற்றைப் பார்க்கக் காருக்கு முன்னால போனான். போய் நிண்டுகொண்டு, இறங்கு எண்டு கையைக் காட்டினான்.

— இறங்கினாரா?

— இவர் கதவைத் திறக்கத் திரும்பினார். கிளட்சில இருந்த கால் வழுக்கிப்போட்டுது. கார் துள்ளினது, நானா. அவன்ர முழங்காலில முட்டாத குறை. பின்னுக்குப் பாய்ஞ்சு துவக்கை நீட்டினான். கண்ணாடிக்கு அங்கால அந்தக் குழல் இவற்ற நெஞ்சுக்கு நேர நிக்குது. மழைத்தண்ணி வழிஞ்சு ஒழுங்காத் தெரியவுமில்லை. அவனுக்கும் பயம், குழல் ஆடினது. பயந்தவன்ர விரல் எப்ப இழுக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?

— அல்லாவே. பொறகு?

— பழைய ஆளொருத்தன் மிஞ்சியிருந்தான். சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறான் போல, சோத்துக் கையோட ஓடி வந்தான். இது எங்கட பல்லு டொக்டர் எண்டு சொல்லித் துவக்கை மேல தட்டிவிட்டான். பிறகு அடையாள அட்டையைத் தந்து போகச் சொன்னாங்கள். இவரால போகத்தான் முடியேல்லை. குனிஞ்சு பார்த்தன், இடது முழங்கால் தையல் மிசின் மாதிரி அடிக்குது. கையில ஒரு நடுக்கமுமில்லை. அடுத்த நாள் அதே கையால வழக்கம் போலப் பல்லுப் பிடுங்கினவர். கால் மட்டும்தான்.

— டொக்டர் என்னா சென்னார்?

— வீட்ட வந்து, கிளட்ச் கேபிள் இறுகிப்போச்சு எண்டார். நானும் ஓம் எண்டன். கராஜுக்குக் கொண்டுபோய்ப் புதுக் கேபிள் போட்டார். கராஜ்காரன் பிறகு என்னட்டைச் சொன்னான், பழசில ஒரு பிழையுமில்லை மிஸ், டொக்டர்தான் மாத்து மாத்து எண்டு நிண்டவர் எண்டு.

— நீங்க கேக்கல்லயா?

— என்னெண்டு கேக்கிறது? உங்கட கால் பயத்தில நடுங்கினதை நான் கண்டனான் எண்டு கட்டின மனுசனிட்டச் சொல்லுறதோ? அண்டையில இருந்து வீட்டில கதை பேச்சில்லை. சாப்பிடுவார், பேப்பர் பார்ப்பார், படுப்பார். அந்தச் சென்றி கிட்டவர முன்னமே, அங்கால வளைவிலயே கால் தொடங்கிவிடும். நான் காணாத மாதிரி வெளியில தேயிலையைப் பார்த்துக்கொண்டு இருப்பன். லீவு நாளில முத்தத்தில நிக்கிற காருக்குள்ள போய்த் தனிய இருந்து, எஞ்சினும் போடாமல், கிளட்சை மிதிக்கிறதும் விடுறதும். நான் குசினி ஜன்னலால அதைப் பார்த்துக்கொண்டு நிப்பன்.

— பாவம் மனிசன்.

— அப்பிடி இருந்தவர் ஒருநாள் உங்கட கடையில இந்த ரெண்டு காரையும் கண்டிட்டு வந்து, வாய் நிறையக் கதைச்சார். சின்ன வயசில இருந்து இப்பிடி ஒரு கார் எண்டு கனவு கண்ட மனுசன். தியத்தலாவைக் கார் ரேஸுக்குக் கூட்டிக்கொண்டு போய் என்னை வெயிலில காய விட்டவர், கலியாணம் முடிச்ச புதுசில. அவருக்கு முன்னால நிண்டு கார் வேண்டாமெண்டு சொல்ல எனக்கு வாய் வருமோ? வாங்கட்டும். ஆசை தீர ஓடட்டும். ஆனா மிதிக்கிறதுக்குக் கிளட்ச் இல்லாததா வாங்கட்டும். பிறகு கால் நடுங்கினா என்ன, ஆடினா என்ன?

— மிஸ், எழும்புங்க. வெளிய வாங்க.

— எங்க?

— சிவப்புக்குள்ள ஏறுங்க. டிரைவர் சீட்டில.

— எனக்கு ஓடத் தெரியாதே.

— ஓட வேணாம், சும்மா இரிங்க. வலது கால அந்தப் பெரிய பெடல்ல வச்சி அமத்துங்க. அது பிரேக். ஆ, சரி. எஞ்சின் போட்டிட்டேன். இப்ப இந்தத் தடிய ஓட்டத்துக்குத் தள்றேன். இனி மெதுவாக் கால எடுங்க. வேற ஒண்டையும் தொடாதீங்க.

— நானா, போகுது.

— போகும்.

— நான் ஒண்டையும் மிதிக்கேல்லை. தானா அரக்குது. சுவர் கிட்ட வருது, நானா, நிப்பாட்டுங்கோ.

— பிரேக்க மிதிங்க. நல்லா. நின்டிச்சா? இதத்தான் காட்ட நினைச்சேன். கியர்க் காரில நியூட்ரல் போட்டுக் கைப் பிரேக்க இழுத்திட்டா, நீங்க எறங்கி நடந்து போனாலும் அது நின்ட எடத்திலதான் நிக்கும். இது அப்பிடி இல்ல. தடிய பார்க்கிங்குக்குத் தள்ள மறந்து காலத் தூக்கினா, ஊர்ந்துக்கிட்டே போகும். சென்றியில எறங்கு என்டு கத்தினா, பதட்டத்தில ஆருக்கு அந்தத் தடி நெனவு வரும்?

— கொஞ்சம் பொறுங்கோ. முதல்ல அந்தத் தடியைத் தள்ளுங்கோ, நான் இறங்கப்போறன்.

— தண்ணி குடிங்க.

— வேண்டாம். அப்ப ரெண்டும் ஆபத்து எண்டுறியள்?

— ரெண்டும் கார் என்டுறேன். சென்றிக்கு என்டு செஞ்ச கார் ஒலகத்தில இல்ல.

— இல்லை, நானா, நான் யோசிச்சிட்டன். ஊர்ந்தாப் பரவாயில்லை. ஊர்ந்தாக் கத்துவாங்கள், பொனற்றில தட்டுவாங்கள், அதுக்குள்ள இவர் பிரேக்கை மிதிச்சிடுவார். துள்ளினாத்தான் துவக்கை நீட்டுவாங்கள். எனக்குத் துள்ளாத கார்தான் வேணும். தறப்பாளைப் போடுங்கோ, நேரம் போகுது.

— ஏலா, மிஸ். என்னக் கோவிக்க வேணாம்.

— ஏன் ஏலாது? இவ்வளவும் சொன்ன பிறகுமோ?

— டொக்டர்ட விருப்பம் ஒண்டு இரிக்கிதானே.

— விருப்பமில்லை, நானா, வீம்பு. வெறும் வீம்பு. எனக்குப் பயமில்லை, பிழை கேபிளிலதான் எண்டு காட்டுறதுக்கு ஒரு கார். ஆருக்குக் காட்டுறார்? நானொருத்தி எல்லாத்தையும் விழுங்கிக்கொண்டுதானே இருக்கிறன். ஆம்பிளை எண்ட மரியாதையைக் காப்பாத்த, போயும் போயும் ஒரு பெடலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். ஒருநாள் அந்த ஏத்தத்தில... வாயால சொல்லவே பயமா இருக்கு. எனக்கு இவரை விட்டா ஆர் இருக்கினம்? இதைக்கூட யோசிக்காத மனுசன்.

— மிஸ், அந்த மனிசன அப்பிடி மட்டும் செல்லாதீங்க.

— வேற என்னெண்டு சொல்லுறது?

— நான் ஒரு வாக்குக் குடுத்திரிக்கேன். இப்ப அத முறிச்சாப் பாவம், முறிக்காட்டி அதவிடப் பாவம் போல இரிக்கி.

— ஆருக்குக் குடுத்தனீங்கள்?

— டொக்டருக்கு. வெள்ளிக்கிழம ஜும்மாத் தொழுகை முடிஞ்சி வாறேன், கட வாசல்ல நிக்கிறார். ரெண்டையும் ஓடிப் பாத்தார். வெள்ளய ஒரு சுத்துத்தான். சிவப்ப இந்தச் சுவருக்கு நேர கொண்டுவந்து நிப்பாட்டி, இப்ப நீங்க செஞ்ச அதே வேலயச் செஞ்சார். காலத் தூக்குறார், அது ஊருது, மிதிக்கிறார். திரும்பவும் தூக்குறார். பொறகு எறங்கி வந்து, புஹாரி, கேசினி எப்பிடியும் உன்னட்ட வருவா, அந்தச் சிவப்பத்தான் எடுக்க வைக்கச் செல்லுவா, வந்தா அது வித்துப்போச்சி என்டு செல்லு என்டார்.

— என்னட்டையோ? என்னட்டப் பொய் சொல்லச் சொன்னவரோ?

— ஓங்களுக்கிட்டத்தான். நீங்க வந்து வெள்ள வித்துப்போச்சி என்டு செல்லுங்க என்டதும், எனக்குச் சிரிக்கவா அழவா என்டு தெரியல்ல.

— அப்ப கால்... காலைப் பற்றியும் சொன்னவரோ?

— கேபிள்ல ஒரு பழுதுமில்ல, கால்தான் என்டு அவரே வாயத் திறந்து சென்னார். மழை, சென்றி, சோத்துக் கையோட வந்தவன், ஒண்டும் விடாம. நீங்க செல்லாத ஒண்டையும் சென்னார். கார் துள்ளின கையோட எஞ்சின் நின்டு போனதாமே.

— ஓம்... நிண்டதுதான். திருப்பி ஸ்டார்ட் பண்ண எவ்வளவு கஷ்டப்பட்டார். நான் அதைப் பெரிசா எடுக்கேல்லை. என்ர கண் முழுக்க அந்தத் துவக்கில.

— அவர் ராவு பகலா அதையேதான் நெனச்சிக்கிட்டு இரிக்கார், மிஸ்.

— என்ன சொன்னவர், நானா? ஒரு சொல்லும் மாத்தாமல் சொல்லுங்கோ.

— அவர் சென்ன மாதிரியே செல்றேன். ‘கியர்க் காரெண்டா, கால் வழுக்கினாலும் ஒருக்காத் துள்ளிப்போட்டு நிண்டிடும், புஹாரி. மற்றது நிக்காமல் அவங்கள் மேல போய்க்கொண்டே இருக்கும். என்ர காலை இனி நான் நம்பமாட்டன், நிக்கிற காரைத் தா. அண்டைக்கு அந்தத் துவக்கு எனக்கு நேர நீளேல்லை, பக்கத்தில இருந்த கேசினிக்கு நேரதான் நிண்டது.’