நடந்து வந்த ஊர்

பரளச்சி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் மடியில் சாக்கில் சுற்றிய அரிவாள். இளையவர் பழைய சர்வே மேப்பின் நகல் ஒன்றை விரித்து வைத்திருந்தார்.

"நம்ம ஊரு நடந்து வந்திருக்கு மதினி."

"ஊரு எங்கிட்டு நடக்கும்?"

"இந்தா, நம்ம கொலசாமி கோயிலு. சுத்தி இருக்க செவப்புப் புள்ளியெல்லாம் வீடுக."

"அங்க கருவேல முள்ளுதான கெடக்கு?"

"இப்பத்தான் முள்ளு. இந்த மேப்பு போட்டப்ப ஊரு அங்கதான். கோயிலுக்குப் பின்னால இருக்க நீல வட்டம் கெணறு."

மூத்தவர் அந்த நீல வட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"வருசாவருசம் சிவராத்திரிக்கு டிராக்டர்ல தண்ணி லோடு அடிக்கிறோம். கெணத்து மேலயே நின்னுக்கிட்டா பொங்க வச்சோம்?"

"மண்ணு மூடித் தூந்து போயிருக்கும் மதினி."

"தூந்தாலும் கெணறுதான். முள்ள வெட்டித் தூரு வாரிட்டா, இந்தச் சிவராத்திரிக்கு அந்தத் தண்ணிதான்."

முள்ளுக்காடு வந்ததும் இருவரும் எழுந்தார்கள்.

"இங்க ஸ்டாப்பு இல்லம்மா. ஊரே இல்லாத காடு" என்றார் கண்டக்டர்.

மூத்தவர் மேப்பை வாங்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். "ஊரு இருந்த எடந்தான். நல்லாப் பாத்துட்டு நிறுத்துங்க."

கண்டக்டர் மேப்பைப் பார்த்தாரோ, சாக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த அரிவாளைப் பார்த்தாரோ, விசில் கொடுத்தார்.