என்ர பேரைக் கூப்பிட்டால் நான் போகாமல் விடுறதோ?

...சொந்த வீட்டுக்க காலடி வைக்கக் கூடாதாம் மாஸ்ரர்! ஆர் கட்டின வீடு? நான் கட்டின வீடு! சீமெந்து முழுக்க இந்த ஓட்டோவில ஏத்தின வீடு! ஏறுங்கோ, ஏறுங்கோ, பையைப் பக்கத்தில வையுங்கோ. முரசுமோட்டைதானே? தெரியும், தெரியும். புதுசா வந்த சயன்ஸ் மாஸ்ரர், தபால் கந்தோருக்குப் பக்கத்தில வாடகைக்கு இருக்கிறியள். பரந்தன் சந்தியில ஓட்டோ வச்சிருக்கிற எங்களுக்குத் தெரியாமல் இஞ்ச ஒரு ஆள் வந்து இருக்கேலுமே?

என்ன சொல்லிக்கொண்டு வந்தனான்... ஆ, மனுசி. விமலேஸ்வரி. மத்தியானம் சோத்தைப் போட்டு, 'தின்னுங்கோ, திண்டிட்டுச் சந்திக்குப் போங்கோ, முடிவு வரும்வரைக்கும் இந்தப் பக்கம் தலை காட்டாதேங்கோ' எண்டாள். என்ன முடிவோ? அட, உங்களுக்குத் தெரியாதே! கண்டாவளையில நாய் பூனைக்கும் தெரிஞ்ச கதை. இண்டைக்கு என்ர மகளுக்கு அமெரிக்காவில இருந்து முடிவு வருது!

தேனுகா. டொக்டர். ஓமோம், டொக்டர்தான்! யாழ்ப்பாணத்தில படிச்சு வந்தவள். வந்த பிள்ளை சும்மா இருக்கலாம்தானே? இல்லை, மயக்க மருந்து டொக்டரா வரவேணுமாம். அதையும் அமெரிக்காவில போய்ப் படிக்கவேணுமாம். அதுக்கு எத்தினை சோதினை மாஸ்ரர்! எல்லாம் பாஸ். சரி, இனிக் கூப்பிடுவாங்கள் எண்டு பாத்தால், அங்க அவளை வேற ஒரு பெட்டிக்க போட்டு வச்சிருக்கிறாங்கள். வெளிநாட்டு டொக்டராம்! முரசுமோட்டைப் பள்ளிக்கூடத்தில படிச்ச பிள்ளை வெளிநாட்டுக்காரியாம்! நாங்கள் இஞ்சதானே இருக்கிறம்? அமெரிக்காதானே மாஸ்ரர் வெளிநாடு?

இதுக்குள்ள சந்தியில அப்புத்துரை. எனக்கு அடுத்த ஓட்டோ. 'ஊசியைப் போட்டால் ஆள் படுக்கும், உதுக்கென்ன படிப்பு?' எண்டு கேட்டான். வீட்ட போய் மகளிட்டக் கேட்டன். அவள் சொன்னாள், 'அப்பா, படுக்க வைக்கிறது பெரிசில்லை. அவ்வளவு நேரமும் பக்கத்தில இருந்து காத்து, திரும்ப எழுப்புறதுதான் வேலை' எண்டு. அடுத்த நாள் காலமை சந்தியில போய்ச் சொன்னன் பாருங்கோ! அண்டைக்கு எல்லாருக்கும் நான்தான் தேத்தண்ணி வாங்கிக் குடுத்தனான்.

ஏய்... ஏய்... பாருங்கோ மாட்டை! நடுறோட்டில படுத்துக் கிடக்குது. உனக்கு ஆர் மயக்க ஊசி போட்டது? எழும்பு! ...எழும்பிட்டுது. பாத்தியளே, எழுப்புறதுதான் கஷ்டம்!

ம்... அமெரிக்கா. அங்க இருக்கிற ஆஸ்பத்திரியெல்லாத்துக்கும் விண்ணப்பம் போட்டவள் மாஸ்ரர். 'நான் ஏன் இந்தப் படிப்புக்கு வாறன்' எண்டு எழுதவேணுமாம். மாசக்கணக்கா எழுதினாள், அழிச்சாள், எழுதினாள், அழிச்சாள். பிறகு பதில் வரத் தொடங்கிச்சுது. மன்னிக்கவும். மன்னிக்கவும். மன்னிக்கவும். நல்ல மரியாதையான சனம் கண்டியளோ, ஒவ்வொருத்தனும் மன்னிப்புக் கேட்டுத்தான் இல்லையெண்டு சொல்லுறான்! பிள்ளை சாப்பிடாமல் போனையே பாத்துக்கொண்டு இருந்தாள். கடைசியா ஒரு ஆஸ்பத்திரி. ஒண்டே ஒண்டு. 'வாரும் பிள்ளை, கதைப்பம்' எண்டு கூப்பிட்டுது. நேரில இல்லை, கம்பியூட்டரில, சூமில.

அண்டைக்கு எங்கட வீட்டைப் பாத்திருக்கவேணும்! விமலேஸ்வரி சுவரில கிடந்த கலண்டர் எல்லாம் கழட்டி, பக்கத்து வீட்டு ஜெயரூபியிட்டப் பூச்சாடி இரவல் வாங்கி... கோயில் ஸ்பீக்கரைக் குறைக்கச் சொல்லி ஐயரிட்டப் போய்க் கெஞ்சினது ஆர்? நான். கறண்ட் போனாலும் எண்டு இந்த ஓட்டோ பற்றரியைக் கழட்டி லைற் பூட்டி வச்சது ஆர்? நான். இவ்வளவும் செய்தவனுக்குக் கடைசியாத் தந்த வேலை என்ன தெரியுமே? அடுப்படியில, குசினிக்க இருந்து நாயின்ர வாயைப் பொத்துறது!

இருந்தனான் மாஸ்ரர். ஜிம்மியைக் கமக்கட்டுக்க இடுக்கிக்கொண்டு, மூச்சும் விடாமல் இருந்தனான். அங்கால இங்கிலிசு போகுது. ஒண்டும் விளங்கேல்லை. திடீரெண்டு... 'டொக்டர் தங்கராசா!'

தங்கராசா ஆர்? நான்! அவள் தேனுகா. தகப்பன்ர பேர் எண்டு பின்னால போட்டிருக்கு, அவ்வளவுதானே? அவங்கள் பிள்ளையின்ர பேரை விட்டிட்டு என்ர பேரைக் கூப்பிடுறாங்கள்! முதல் தரம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தனான். ரெண்டாந்தரம் ஒரு பொம்பிளை, அவாதான் அங்க பெரிய டொக்டராம், என்ன வடிவாக் கூப்பிட்டா தெரியுமே! டொக்...டர் தங்...கராசா! சந்தியில என்னை எல்லாரும் 'ஓட்டோ, ஓட்டோ' எண்டுதான் கூப்பிடுறது. பிறந்த நாளில இருந்து ஒருத்தரும் என்னை இப்பிடி மரியாதையாக் கூப்பிட்டதில்லை. நீங்களெண்டால் என்ன செய்வியள்? 'ஓம்! வாறன்!' எண்டு எழும்பிப் போயிட்டன். மடிச்சுக் கட்டின சாறம். மேலில சேட்டில்லை. கமக்கட்டுக்க நாய்.

சிரியாதேங்கோ மாஸ்ரர்... சரி சரி, சிரியுங்கோ. அந்த டொக்டரம்மாவும் இப்பிடித்தான் சிரிச்சா. மகள்தான் அப்பிடியே வெளிறிப் போனாள். 'இவர் ஆர்?' எண்டு கேட்டிருக்கிறா, 'அப்பா' எண்டு சொல்லியிருக்கிறாள். உடன அவா என்னைப் பாத்து ஒரு கேள்வி கேட்டா. மகள் தமிழில சொன்னாள்: 'நான் ஏன் இந்தப் படிப்புக்கு வாறன் எண்டு உங்களிட்டக் கேக்கினம். வணக்கம் சொல்லிப்போட்டுப் போங்கோ அப்பா.' என்னட்டக் கேள்வியைக் கேட்டால் நான் வணக்கம் சொல்லிப்போட்டு வாறதோ?

சொன்னனான். உள்ளதைச் சொன்னனான். கடைசிச் சண்டைக்க எனக்குக் காலில ஷெல் துண்டு ஏறினது. இந்தக் கால்தான், பிறேக் மிதிக்கிற கால். மயக்க மருந்து முடிஞ்சு போச்சு. அந்த டொக்டரும் பாவம், அழுதுகொண்டுதான் துண்டை வெட்டி எடுத்தவர். தேனுகாவுக்குப் பத்துப் பதினொரு வயசு, என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள். நான் கத்தின கத்தலில பிள்ளை மயங்கி விழுந்திட்டாள். தண்ணி தெளிச்சு எழுப்பினால், கண்ணைத் திறந்து முதல் கேட்டது என்ன தெரியுமே? 'எனக்கேன் நித்திரை மருந்து தந்தனியள், அப்பாவுக்கல்லோ குடுத்திருக்கவேணும்' எண்டு. கடைசியா இருந்த மருந்தைத் தனக்குத் தந்திட்டினம் எண்டு நினைச்சிட்டாள் மாஸ்ரர். எனக்கு அண்டைக்குக் காலை விட அதுதான் நொந்தது.

அதை அவள் ஒரு இடத்திலயும் எழுதேல்லை. இரக்கப்பட்டு ஆரும் இடம் தரக் கூடாதாம். நான் சொல்லச் சொல்ல, அவள்தான் இங்கிலிசில சொன்னாள். அங்கால கேட்டுக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சான். பிறகு ஜிம்மி குலைச்சுது, நேரமும் முடிஞ்சுது. அவள் பாடமாக்கி வச்சிருந்ததில பாதி கேக்கவே இல்லையாம்.

அண்டு தொடக்கம் மனுசி என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறதில்லை. 'கிடைச்சது ஒரு இன்ரவியூ. அதுக்க போய், பிள்ளை மயங்கி விழுறவள் எண்டு சாட்சி சொன்ன தகப்பன் உலகத்தில நீங்கள் ஒராள்தான்' எண்டாள். நானும் நாய், கறண்ட், ஐயர், அமெரிக்காக்காரன்ர பேர் வைக்கிற முறை எண்டு எல்லாத்தையும் திட்டிப் பாத்திட்டன் மாஸ்ரர். கடைசியில சுத்திச் சுத்தி என்னிலதான் வந்து நிக்குது. வாயை மூடிக்கொண்டு குசினிக்க இருந்திருக்கலாம். இருக்கேல்லை.

இதுக்குப் பிறகு பொருத்தம் பாக்கிறது. சிரியாதேங்கோ, அப்பிடித்தான்! இவள் தனக்குப் பிடிச்ச ஆஸ்பத்திரியைச் சொல்லவேணும், அவங்கள் தங்களுக்குப் பிடிச்ச டொக்டர்மாரைச் சொல்லவேணும், கம்பியூட்டர்தான் புரோக்கர். இண்டைக்குக் கிடைச்சதோ இல்லையோ எண்டு மட்டும் சொல்லுவாங்களாம், எந்த இடமெண்டு வெள்ளிக்கிழமைதானாம். எங்களுக்கு எந்த இடமெண்டு பாக்க என்ன கிடக்கு? ஒண்டுதானே!

மணி எத்தினை மாஸ்ரர்? ...ஏழரை தாண்டிட்டுதே! அப்ப மெயில் வந்திருக்கும். என்ர போனோ? நிப்பாட்டி சீற்றுக்குக் கீழ போட்டிருக்கிறன். தொட்டால் சுடும் போல கிடக்குது.

என்ன? என்ன தட்டுறியள்? முரசுமோட்டை எப்பவோ போயிட்டுதோ? ...ஓம். போயிட்டுதுதான். கோவிக்காதேங்கோ மாஸ்ரர், தெரிஞ்சுதான் நிப்பாட்டேல்லை. இது கண்டாவளை. உந்தா லைற் எரியுதே, அதுதான் என்ர வீடு. தனியப் போய்ப் படலையைத் திறக்க எனக்குத் துணிவில்லை. நீங்கள் படிச்ச மனிசன், நீங்கள் முன்னால போங்கோ. கிடைக்கேல்லையெண்டு சொன்னால், 'இவரில பிழையில்லை' எண்டு ஒரு சொல்லு சொல்லுங்கோ. பொய்தான். எண்டாலும் சொல்லுங்கோ. பிறகு நானே திரும்பக் கொண்டுபோய் விடுறன், ஹயர்க் காசு வேண்டாம்.

பொறுங்கோ... படலை திறக்குது. ஜிம்மி. நாய் வந்திட்டுது. பின்னால ஆர்... தேனுகா. ஓடி வாறாள். ஏன் ஓடி வாறாள்? அழுறாளோ மாஸ்ரர்? முகம் தெரியுதோ உங்களுக்கு? எனக்கு ஒண்டும் தெரியேல்லை, கண்ணெல்லாம்... இறங்காதேங்கோ, என்ர கையைப் பிடியுங்கோ ஒருக்கா.

கேட்டதே? மாஸ்ரர், கேட்டதே! 'கிடைச்சிட்டுது' எண்டாள்! 'கிடைச்சிட்டுது, டொக்டர் தங்கராசா' எண்டாள்! என்னைத்தான் மாஸ்ரர், இந்தமுறை என்னைத்தான் கூப்பிடுறாள்! அங்க பாருங்கோ, விமலேஸ்வரியும் வாசலில நிண்டு சிரிக்கிறாள்...

ஓம்! ஓம் பிள்ளை! வாறன்! இண்டைக்குச் சேட்டும் போட்டிருக்கிறன், வாறன்!